பிசினஸ் கிளாஸ் போய், கால் நீட்டும் எகானமி வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தின் முன்பகுதியில் என்னதான் மாறுகிறது?

ஒற்றை நடைவழி கொண்ட ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் பிசினஸ் கிளாஸ் என்றால் பக்கத்துக்கு இரண்டாக, வரிசைக்கு நான்கு அகலமான இருக்கைகள். அவற்றில் சிலவற்றையோ முழுவதையுமோ கழற்றிவிட்டு, வரிசைக்கு ஆறு சாதாரண எகானமி இருக்கைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பூட்டுகிறார்கள். இருக்கையின் அகலம் எகானமிக்கு உள்ளதுதான். கூடுவது முழங்காலுக்கு முன்னால் சில அங்குலங்கள் மட்டுமே.

நம் ஊரில் எளிதில் பார்க்கக் கிடைக்கும் உதாரணம் ஏர் இந்தியாவின் ஏ320நியோ. பழைய அமைப்பு 12 பிசினஸ், 150 எகானமி, மொத்தம் 162. 2024 செப்டம்பரில் தொடங்கிய மறுசீரமைப்பில் 27 விமானங்களுக்கு 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி (கால் இடம் கூடிய எகானமி), 132 எகானமி என்று மாற்றம்; மொத்தம் 164. விஸ்தாரா இதே பாதையில் முன்பே நடந்தது. 2015இல் பறக்கத் தொடங்கியபோது 16 பிசினஸ், 36 பிரீமியம் எகானமி, 96 எகானமி என 148 இருக்கைகள். மறு ஆண்டே பிசினஸைப் பாதியாக்கி, 8, 24, 126 என்று 158க்குப் போனது. பின்னர் 164.

பிசினஸ் குறைந்தும் மொத்த இருக்கை இரண்டுதானே கூடியிருக்கிறது? மீதி இடம் எங்கே போனது?

வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பழைய ஏர் இந்தியா அமைப்பில் 3 பிசினஸ் வரிசை, 25 எகானமி வரிசை, ஆக 28. புதியதில் 2 பிசினஸ், 4 பிரீமியம் எகானமி, 22 எகானமி, அதுவும் 28. அதாவது நான்கு பேர் உட்கார்ந்த ஒரு வரிசை போய், ஆறு பேர் உட்காரும் ஒரு வரிசை வந்திருக்கிறது. கூடுதல் இரண்டு இருக்கை வந்த வழி இதுதான்.

இனி அங்குலக் கணக்கு. போன பிசினஸ் வரிசை விட்டுச்சென்றது 40 அங்குலம். புதிய எகானமி வரிசைக்கு 29 என்று வைத்தால் மிச்சம் 11. பிரீமியம் எகானமியின் இடைவெளி 32 அங்குலம். 29இலிருந்து மூன்று மூன்றாக நான்கு வரிசைக்கு 12 தேவை. ஓர் அங்குலம் இடிக்கிறது. எகானமிக்கு 28 முதல் 29 அங்குலம் என்று அறிவித்திருப்பதைப் பார்த்தால் அந்த அங்குலத்தை எங்கே தேடுவார்கள் என்று ஊகிக்கலாம். விமானத்தின் நீளம் கூடுவதில்லை. ஒருவர் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் எப்போதும் இன்னொருவர் விட்டுக்கொடுத்ததாகவே இருக்கும்.

பிசினஸை அடியோடு எடுத்துவிட்டால் எத்தனை இருக்கை கிடைக்கும்?

40 அங்குல இடைவெளியில் மூன்று வரிசை என்றால் 120 அங்குலம், 12 பேர். அதே இடத்தில் 30 அங்குலத்தில் நான்கு வரிசை, 24 பேர். 34 அங்குலத்தில் மூன்று வரிசைதான் வரும், 18 பேர். ஆனால் 18 அங்குலம் மிஞ்சும். அதைப் பின்னாலுள்ள ஆறு வரிசைக்கு மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த 36 இருக்கைகளையும் ‘கூடுதல் லெக்ரூம்’ என்று விற்கலாம். வகுப்புகளைப் பிரிக்கும் தடுப்பை எடுத்தால் இன்னும் கொஞ்சம் தேறும்.

12 பிசினஸ் சீட்டில் வரும் பணத்தை இது ஈடுகட்டுமா?

மாதிரிக்கு ஒரு கணக்கு. எகானமி கட்டணம் 100, பிசினஸ் 300, கூடுதல் லெக்ரூமுக்கு மேல்தொகை 20, விமானம் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நெருக்கிப் போட்ட 24 எகானமியில் வருவது 2,040. லெக்ரூம் 18 இருக்கையில் 1,836, பின்னாலுள்ள 36 இருக்கைகளின் மேல்தொகை 612, கூட்டினால் 2,448. இந்தத் தொகையை பிசினஸ் எட்ட வேண்டுமானால் 12இல் எட்டுப் பேருக்கு மேல் முழுக் காசு கொடுத்து வர வேண்டும்.

டெல்லி–மும்பையில் வருவார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில், அதுவும் விடுமுறைக்குப் போகிறவர்கள் நிரம்பிய தடத்தில் வரமாட்டார்கள். அங்கே பிசினஸ் இருக்கைகள் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கும், வாசலில் சலுகையாக உயர்த்தப்படுகிறவர்களுக்கும் போய்ச்சேரும். சாப்பாடு, லவுஞ்ச், கூடுதல் பெட்டி ஆகிய செலவுகள் மட்டும் முழுசாக நிற்கும்.

அப்படியானால் எல்லா வரிசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்தாயிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2000இல் எகானமி முழுவதிலும் சில வரிசைகளைக் கழற்றி எல்லோருக்கும் கால் இடம் கூட்டியது. சில ஆண்டுகளிலேயே வரிசைகள் திரும்பி வந்துவிட்டன. எல்லோருக்கும் கிடைப்பதற்கு யாரும் தனியாகக் காசு தரவில்லை. டிக்கெட் தேடுகிறவர் விலையைத்தான் பார்த்தார். யுனைடெட் 1999இல் முன்வரிசைகளுக்கு மட்டும் இடம் கூட்டி எகானமி பிளஸ் என்று தனியே பெயர் வைத்தது. அது இன்றும் நிற்கிறது. இன்று உலகம் முழுக்க நடப்பது யுனைடெட் வழிதான்.

அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் இரண்டு பக்கமும் போனதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 2011இல் ஏர்டிரான் நிறுவனத்தை சவுத்வெஸ்ட் வாங்கியது. ஏர்டிரானின் போயிங் 737-700இல் 12 பிசினஸ், 125 எகானமி, மொத்தம் 137. பிசினஸை எடுத்துவிட்டு 143 எகானமியாக மாற்றினார்கள். இப்போது கூடுதல் லெக்ரூம் விற்பதற்காக அதே 737-700 ரகத்தில் ஒரு வரிசையைக் கழற்றியிருக்கிறார்கள். 143 மீண்டும் 137 ஆகிவிட்டது. எண்ணிக்கை பழையதுதான், உட்காரும் விதம் வேறு. ஆனால் 175 இருக்கை கொண்ட 737-800, மேக்ஸ் 8 விமானங்களில் வரிசை எதையும் எடுக்கவில்லை. அங்கே முன்வரிசைகளுக்கான இடம் மற்ற வரிசைகளை நெருக்கியே கிடைத்தது. ஒரே நிறுவனம், ஒரே பெயரில் விற்கும் சீட், ஆனால் விமானத்தின் ரகம் மாறினால் பின்வரிசைப் பயணியின் நிலை வேறு.

பழைய சீட்டைக் கழற்றிப் புதிய சீட்டைப் பூட்டினால் வேலை முடிந்ததா?

இருக்கையைப் பூட்டுவது எளிய பகுதி. தரையில் நீளவாக்கில் ஓடும் தண்டவாளம் போன்ற பள்ளங்களில் அங்குலத்துக்கு ஒரு துளை இருக்கும். அதனால் இருக்கைகளை ஒவ்வோர் அங்குலமாக நகர்த்தலாம். சிக்கல் மற்றவற்றில்தான்.

தலைக்கு மேலே விளக்கு, காற்றுத் திறப்பு, ஆக்சிஜன் முகமூடிப் பெட்டி எல்லாம் புதிய வரிசைக்கு நேராக நகர வேண்டும். வரிசைக்கு நாலு பேர் ஆறு பேராவதால் முகமூடிகளும் கூட வேண்டும். விதிப்படி மொத்த முகமூடிகள் இருக்கைகளைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும். மூன்று பேர் வரிசைக்கு நான்கு முகமூடி இருப்பது அதனால்தான்.

முதல் வரிசை தனித் தலைவலி. விபத்தில் உடல் முன்னால் வீசப்படும்போது தலை தடுப்புச் சுவரில் மோதக் கூடாது. இருக்கைகள் 16 மடங்கு புவியீர்ப்பு விசைக்கான சோதனையில் தேற வேண்டும். தலைக்காய அளவும் அந்தச் சோதனையில் வரம்புக்குள் இருக்க வேண்டும். சுவரிலிருந்து சுமார் 35 அங்குலம் தள்ளிப் போடலாம். இல்லையென்றால் காற்றுப்பை வைத்த சீட் பெல்ட் தர வேண்டும். முதல் வரிசையில் சில விமானங்களில் பெல்ட் தடிமனாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான்.

பிறகு காகித வேலை. புதிய இருக்கை வரைபடம், வடிவமைப்பு மாற்றத்துக்கான ஒப்புதல், விமானத்தை மறுபடி எடைபோட்டு ஈர்ப்பு மையம் கணக்கிடுதல், பாதுகாப்பு அட்டைகள், முன்பதிவுக் கணினியில் புதிய சீட் மேப். முன்பகுதியில் கனமான நான்கு போய் இலகுவான ஆறும் ஆறு பேரும் வரும்போது சமநிலை மாறும். கணினியில் பழைய வரைபடம் நின்றுவிட்டால்தான் வாசலில் ‘உங்கள் 2ஏ இந்த விமானத்தில் இல்லை’ என்ற கூத்து நடக்கிறது.

புதிய இருக்கைகள் உரிய நேரத்தில் வந்துசேராததும் சகஜம். ஒரே நிறுவனத்தில் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் மாதக்கணக்கில் கலந்து பறக்கும்.

இருக்கை கூடினால் பணியாளர் எண்ணிக்கையும் கூடுமா?

50 இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் குறைந்தபட்ச விதி. பயணிகளை அல்ல, இருக்கைகளை எண்ணுவார்கள். 162ம் 164ம் நான்கு பேருக்குள் அடங்கும். 150ஐத் தாண்டும் இடத்தில்தான் நிறுவனங்கள் யோசிக்கும். ஜெட்புளூ 2007இல் தன் ஏ320களில் 156 இருக்கையை 150 ஆக்கியது. ஒரு வரிசை போனது, ஒரு பணியாளர் செலவும் போனது, பயணிக்குக் கால் இடமும் கிடைத்தது. தாராள மனம் என்று விளம்பரம் செய்யப்படும் பல மாற்றங்களுக்குப் பின்னால் இந்த ஐம்பதின் பெருக்கல் நிற்கிறது.

ஐரோப்பாவில் பிசினஸ் டிக்கெட் எடுத்தால் எகானமி சீட்டே தருகிறார்களே, அது இதில் சேருமா?

அது வேறு உத்தி. பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா போன்றவை குறுந்தூர விமானங்களில் எல்லா வரிசையிலும் ஆறு எகானமி இருக்கைகளையே வைத்திருக்கின்றன. முன்வரிசைகளில் நடு சீட்டைக் காலியாக விட்டு, நகர்த்தக்கூடிய திரையை இழுத்துவிட்டால் அது பிசினஸ். காலையில் எட்டு வரிசை, மதியம் மூன்று வரிசை என்று தேவைக்கேற்ப மாற்றலாம். எதையும் கழற்ற வேண்டாம். தோளுக்கு இடம் கிடைக்கும், காலுக்குப் பெரிதாகக் கிடைக்காது. ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் 2013இல் ஐரோப்பியத் தடங்களில் பிசினஸையே நிறுத்திவிட்டு எஸ்ஏஎஸ் பிளஸ் என்று விற்றது. 2025 அக்டோபரில் பிசினஸ் என்ற பெயர் மறுபடி வந்துவிட்டது.

இண்டிகோ எதிர்த்திசையில் போகிறதே?

ஆம். எகானமி மட்டுமே ஓட்டிய நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி–மும்பையில் ‘ஸ்டிரெட்ச்’ கொண்டுவந்தது. ஏ321நியோவில் பக்கத்துக்கு இரண்டாக 12 இருக்கை, 38 அங்குல இடைவெளி, 21.3 அங்குல அகலம். பின்னால் 208 எகானமி. இதில் முரண் ஒன்றுமில்லை. காசு கொடுக்கும் கூட்டம் உறுதியாக உள்ள தடத்தில் அகலமான சீட் லாபம். இல்லாத தடத்தில் சுமை. தவறு செய்கிறவர்கள் எல்லாத் தடத்துக்கும் ஒரே அமைப்பை வைப்பவர்கள்தான்.

‘பிரீமியம் எகானமி’ என்றால் கூடுதல் லெக்ரூம் மட்டும்தானா?

விமானத்தைப் பொறுத்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏர் இந்தியாவின் ஏ350இல் பிரீமியம் எகானமி தனி இருக்கை: 2-4-2 அமைப்பு, 38 அங்குல இடைவெளி, 18.5 அங்குல அகலம். அதே நிறுவனத்தின் ஏ320நியோவில் அதே பெயரில் கிடைப்பது 3-3 அமைப்பில் 32 அங்குலம், 4 அங்குலச் சாய்வு. சாப்பாடு, முன்னுரிமை போன்ற சேவைகள் கூடும். நடு சீட் நடு சீட்டாகவே இருக்கும். டெல்லி வழியாக வெளிநாடு போகிறவர் சென்னையிலிருந்து டெல்லி வரை ஒன்றும், அங்கிருந்து வேறொன்றும் அனுபவிக்க நேரலாம். வாங்கும் முன் ஒவ்வொரு தடத்துக்கும் சீட் மேப்பைத் திறந்து வரிசைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒற்றை நடைவழி விமானத்தில் நான்கு என்றால் உண்மையான அகல சீட். ஆறு என்றால் எகானமி சீட்தான், பெயர் எதுவாக இருந்தாலும்.

32 அங்குலம் எனக்குப் போதுமா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பிட்ச் என்று சொல்லும் இந்த அளவு ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரைக்குமானது. அதில் முதுகுச் சாய்வின் தடிமனும் அடக்கம். எனவே பிட்ச் முழுவதும் உங்கள் காலுக்கு இல்லை.

சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டும்படி ஸ்டூலில் உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்கால் முனை வரை அளந்துகொள்ளுங்கள். மெல்லிய இருக்கைக்கு அதனுடன் 5 முதல் 8 சென்டிமீட்டர் கூட்டுங்கள். 28 அங்குலம் என்பது 71 சென்டிமீட்டர், 29 என்பது 74, 32 என்பது 81, 34 என்பது 86. உங்கள் அளவு 64 என்றால் தடிமனோடு 69 முதல் 72 வரை வரும். 28 அங்குலத்தில் முழங்கால் உரசும், 32இல் நிம்மதி. 57 அளவுள்ளவர் கூடுதல் லெக்ரூமுக்குச் செலவழிப்பதைவிட நடைவழி ஓர இருக்கைக்குச் செலவழிக்கலாம். தோள் அகலமானவருக்கு லெக்ரூம் எந்த உதவியும் செய்யாது. அவருக்குப் பக்கத்து சீட் காலியாக இருப்பதே பெரிது.

முதல் வரிசை, அவசர வழி வரிசை, நடுவிலுள்ள கூடுதல் லெக்ரூம் வரிசை: எது நல்லது?

முதல் வரிசையில் முன்னால் யாரும் சாய மாட்டார்கள். ஆனால் மடக்கு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி உயராது, உட்காரும் இடமும் சற்றுக் குறுகும். பை முழுக்க மேலே போய்விட வேண்டும். சுவர் இருப்பதால் காலை முழுதாக நீட்டவும் முடியாது. மற்ற வரிசையில் முன் இருக்கைக்கு அடியில் பாதம் போகும்.

அவசர வழி வரிசையில் இடம் தாராளம். ஏ320இல் இறக்கை மேல் பக்கத்துக்கு இரண்டு வழி இருந்தால் இரண்டு வரிசை கிடைக்கும். அதில் முன்வரிசை சாயாது, பின்வரிசை சாயும். பின்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், பெல்ட் நீட்டிப்பு தேவைப்படுகிறவர்கள், கதவைத் தூக்க இயலாதவர்கள் அங்கே உட்கார முடியாது. பணம் கட்டியிருந்தாலும் எழுப்பி மாற்றிவிடுவார்கள்.

குட்டித் தூக்கம் போடுகிறவர்களுக்கு நடு வரிசை கூடுதல் லெக்ரூம்தான் சரி.

பிசினஸ் டிக்கெட் எடுத்தபின் விமானத்தை மாற்றி எகானமியில் உட்கார வைத்தால்?

மறுசீரமைப்பு நடக்கும் காலத்தில் இது அடிக்கடி நேரும். இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் அமலிலுள்ள டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிப்படி, உங்கள் விருப்பமின்றித் தாழ்ந்த வகுப்புக்கு மாற்றினால் உள்நாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் விலையில் வரிகள் உட்பட 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 1,500 முதல் 3,500 வரை 50, அதற்கு மேல் 75. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 30, 50, 75 என்ற படிநிலைதான். அங்கே ஏழு நாளுக்குள் தர வேண்டும்.

செய்ய வேண்டியது: பழைய போர்டிங் பாஸையோ டிக்கெட்டையோ படம் எடுத்து வையுங்கள். புதிய போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். கவுன்டரில் ‘நானாக மாறவில்லை’ என்பதை எழுத்தில் கேளுங்கள். வவுச்சர் நீட்டினால் அது இந்தத் தொகைக்குப் பதிலாகவா, கூடுதலாகவா என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

கூடுதல் லெக்ரூமுக்குக் கட்டிய பணத்துக்கும் இதே இழப்பீடா?

இல்லை. கூடுதல் லெக்ரூம் எகானமி வகுப்புக்குள்தான் இருக்கிறது. வகுப்பு தாழவில்லை என்றே கணக்கு. கிடைக்காத சீட்டுக்குக் கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கலாம். அமெரிக்காவில் அது 2024 முதல் விதியாகவே இருக்கிறது. சீட் கட்டண ரசீது டிக்கெட் ரசீதிலிருந்து தனியாக வரும். அந்த எண்ணைச் சேமித்து வையுங்கள். பிரீமியம் எகானமி என்று தனி வகுப்பாக டிக்கெட்டில் அச்சாகியிருந்தால் கதை வேறு. அதிலிருந்து எகானமிக்கு இறக்கினால் வகுப்புத் தாழ்வுதான்.

வரியில் வித்தியாசம் உண்டா?

பெரிய வித்தியாசம். எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 12ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்கள்.

ஜன்னல் சீட் என்று காசு கொடுத்தேன், பக்கத்தில் வெறும் சுவர். ஏன்?

ஏ320இன் உடற்சட்டங்கள் 21 அங்குலத்துக்கு ஒன்று. 737இல் 20 அங்குலம். ஜன்னல்கள் அவற்றுக்கு இடையில்தான் வரும், நகர்த்த முடியாது. இருக்கைகள் 28, 29, 32 அங்குலத்தில் போவதால் இரண்டும் ஒத்துப்போகாது. வரிசைகளை மாற்றியமைத்த ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்க்கும் வரிசை வேறாகிவிடும். பழைய அமைப்பில் நல்ல ஜன்னல் தந்த வரிசை எண்ணை நம்பி புதிய விமானத்தில் வாங்காதீர்கள். விமானத்தில் ஏறியதும் தோளுக்குச் சற்று முன்னால் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கதவு மூடியபின் காலியான சீட் இருக்கிறதா என்று பணியாளரிடம் கேட்டு மாறிக்கொள்ளலாம், அதே விலைப் பகுதிக்குள் இருந்தால்.